தியோடர் கோக்கர்: தன் வெற்றியைத் திரும்பிப் பார்த்த டாக்டர்

மெடிக்கல் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தால், 'கோக்கர் ஃபோர்செப்ஸ்'னா என்னன்னு கேட்டுப் பாருங்க. ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் புழங்கும் கருவி அது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் கதைதான் இது.

1841-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தவர் தியோடர் கோக்கர். அப்பா நம்ம ஆளு, இன்ஜினியர்! மகன் மருத்துவம் படித்து, 1872-ல், 31 வயதுகூட நிறையாதபோதே, பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார்.

அந்த மலைநாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு. அதனால் தைராய்டு சுரப்பி வீங்கி, கழுத்தில் கழலையோடு திரிந்தவர்கள் ஏராளம். மூச்சு அடைத்தாலும் கத்தி வைக்க டாக்டர்கள் பயந்தார்கள். காரணம், அங்கே ரத்தக்குழாய்கள் அவ்வளவு நெருக்கம். கோக்கர் பதறாமல், ஒவ்வொரு குழாயாகப் பிடித்துக் கட்டி, கிருமி அண்டாமல் பார்த்துக்கொண்டு அறுத்தார். அவர் கையில் இந்த ஆபரேஷனின் மரண விகிதம் போகப்போக 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சூப்பர் ஹீரோ கதை மாதிரி இருக்குல்ல? இனிமேல்தான் விஷயமே இருக்கு.

1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுச் சுரப்பியையும் எடுத்தார். காயம் ஆறியது, அனுப்பிவிட்டார். பிறகு, அவள் குணமே மாறிவிட்டதாக உள்ளூர் மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. 1882-ல் ஜெனீவா டாக்டர் ரெவர்டினும் தன் நோயாளிகளிடம் இதேபோன்ற மாற்றத்தைக் கண்டதாகச் சொன்னார். கோக்கர் சும்மா இருக்கவில்லை. பழைய நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போட்டார்.

வந்தவர்களைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு அந்தச் சிறுமியும் அவள் தங்கையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்களாம். இப்போது தங்கை நன்றாக வளர்ந்து நிற்க, அக்கா குள்ளமாக, முகம் உப்பி, மந்தமாக நின்றாள். முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் 18 பேரைச் சோதித்ததில் 16 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. கொடுமை என்னன்னா, அவசரமாக அறுத்தவர்கள் சுரப்பியில் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். இவரோ சுத்தமாக எடுத்தார். அந்தத் திறமையே வினையானது.

1883-ல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர்கள் முன்னால் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். புற்றுநோயாக இல்லாத பட்சத்தில் முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். தைராய்டு எதற்கு என்றே தெரியாமல் இருந்த உலகத்துக்கு, அது உடம்புக்கும் மூளைக்கும் எவ்வளவு தேவை என்பது புரிந்தது. 1891-ல் இங்கிலாந்தில் மரே என்ற டாக்டர், ஆட்டுத் தைராய்டின் சாறை ஊசியாகப் போட்டு இந்தப் பாதிப்பைக் குணப்படுத்த வழி கண்டார். இன்று அந்த இடத்தில் தைராக்ஸின் மாத்திரை வந்துவிட்டது.

1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு. அதைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவர்தான். 1917-ல் இறப்பதற்குள் 5,000-க்கும் மேல் தைராய்டு ஆபரேஷன்கள் செய்திருந்தார்.

சரி, இன்று என்ன நிலைமை? தைராய்டு புற்றுநோய் என்றால் பலருக்கு முழுச் சுரப்பியையும் எடுத்து, மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் "திரும்பிப் பார்க்கும்" வேலையைக் கடிதத்துக்குப் பதில் புரதங்கள் செய்கின்றன. தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்கள் மட்டுமே தயாரிக்கும். சுரப்பியை எடுத்த பிறகு ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால், புற்றுசெல்கள் எங்கோ மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். இன்னொரு புரதம் அயோடினைச் செல்லுக்குள் இழுத்துவரும் வாசல் மாதிரி. அந்த வாசலைச் செல்கள் இழந்துவிட்டால், கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுபடாது. புற்றும் முரட்டுத்தனமாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். செல் எந்தப் புரதத்தைச் செய்கிறது, எதை நிறுத்திவிட்டது என்று பார்த்து, நோயின் போக்கைக் கணிக்கிறார்கள்.

நாமும் நாளைக்குப் பாலம் கட்டுவோம், கோடு எழுதுவோம். டெலிவரி முடிந்ததும் அடுத்த வேலைக்கு ஓடத் தோணும். அப்போது, ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பெண்ணைத் தேடி அழைத்த கோக்கரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.