ரூத் வேக்ஃபீல்டின் கைப்பக்குவம்

நுழையும்முன்

ஒரே மாவு, ஒரே வெண்ணெய், ஒரே சர்க்கரை. ஆயினும் ஒருவர் சுட்ட பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கிறது. மற்றொருவர் சுட்டதோ கல்லைப்போல் இறுகிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கைப்பக்குவம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவர். கைப்பக்குவம் பிறவியில் வருவதா? கற்று அடைவதா? சாக்லேட் துண்டுகள் பதித்த குக்கியை உலகிற்கு அளித்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை கூறுகிறது. அவ்வாழ்க்கையைப் படித்து அறிவோம்.

இளமையும் கல்வியும்

ரூத் கிரேவ்ஸ் 1903ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்தபின் அம்மாநிலத்தின் ஃபிரேமிங்காம் நகரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மனையியல் பயின்று, 1924ஆம் ஆண்டு தம் படிப்பை நிறைவு செய்தார்.

சமையல் என்பது வீட்டு வேலை மட்டுமே என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. மனையியல் கல்வியோ அதனை அறிவியலாகக் கற்பித்தது. ஒரு பொருளை எவ்வளவு சேர்த்தல் வேண்டும், வெப்பம் படும்போது அப்பொருள் எவ்வாறு மாறும், உடலுக்கு அது என்ன பயன் தரும் என்பனவற்றை ரூத் ஆழ்ந்து கற்றார். பின்னர் உணவியல் வல்லுநராகப் பணியாற்றினார். உணவைப் பற்றிச் சொற்பொழிவுகளும் ஆற்றினார். கென்னத் வேக்ஃபீல்டு என்பவரை மணந்தபின் ரூத் வேக்ஃபீல்டு என்று அழைக்கப்பட்டார்.

சுங்கச்சாவடி என்னும் விடுதி

1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. தொழில்கள் முடங்கின; மக்கள் வேலை இழந்து வாடினர். புதிய தொழில் தொடங்கப் பலரும் அஞ்சிய அந்நாளில், 1930ஆம் ஆண்டு, ரூத்தும் கென்னத்தும் விட்மன் என்னும் ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கி விடுதியாக மாற்றினர். பாஸ்டன் நகருக்கும் நியூ பெட்ஃபோர்டு நகருக்கும் இடைப்பட்ட சாலையில் அவ்வீடு இருந்தது. விடுதிக்கு ‘டோல் ஹவுஸ்’ என்று பெயரிட்டனர். சுங்கச்சாவடி என்பது அதன் பொருள்.

சமையலறைப் பொறுப்பை ரூத் ஏற்றார். உணவின் சுவையில் மட்டுமன்றி, அதைப் பரிமாறும் முறையிலும் அவர் கண்ணுங்கருத்துமாக இருந்தார். விடுதியின் சிங்கி இறால் உணவும் இனிப்பு வகைகளும் புகழ் பெற்றன. நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் உண்ண வந்தனர். தம் சமையற்குறிப்புகளைத் தொகுத்து நூலாகவும் ரூத் வெளியிட்டார். சோதித்துத் தெளிந்த குறிப்புகள் என்னும் பொருள்படவே அந்நூலுக்குப் பெயர் அமைத்தார். அவருடைய வாழ்க்கையை விளக்க அப்பெயர் ஒன்றே போதும்.

புதிய குக்கி பிறந்தது

விடுதிக்கு வந்தோருக்கு ஐஸ்கிரீமுடன் மெல்லிய குக்கி ஒன்று வழங்கப்பட்டு வந்தது. வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கொட்டைப் பருப்புகளும் சேர்ந்த அக்குக்கியை அனைவரும் விரும்பினர். ஆயினும் ரூத் அத்துடன் நின்றுவிடவில்லை. வேறொரு சுவையை அளிக்க விழைந்தார். இனிப்புக் குறைந்த சாக்லேட் கட்டியைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக உடைத்துக் குக்கி மாவில் கலந்து சுட்டார். மாவு வெந்து மொறுமொறுப்பானது. சாக்லேட்டோ முற்றிலும் கரைந்து ஓடாமல், ஆங்காங்கே மென்மையான துண்டுகளாகவே நின்றது. 1938ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூற்பதிப்பில் இச்செய்முறை இடம்பெற்றது.

இக்குக்கி தற்செயலாகத் தோன்றியது என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மாவில் கரைக்க வேண்டிய சாக்லேட் தீர்ந்துபோனதாம். அவசரத்தில் வேறு சாக்லேட்டை உடைத்துப் போட்டாராம். அது உருகிக் கலந்துவிடும் என்று எண்ணி ஏமாந்தாராம். கேட்பதற்கு இக்கதை இனிமையாகவே இருக்கிறது. ஆனால், மனையியல் கற்று, உணவியல் வல்லுநராகப் பணியாற்றி, பல ஆண்டுகள் விடுதிச் சமையலறையை நடத்திய ஒருவருக்குச் சாக்லேட்டின் தன்மை தெரியாமல் இருந்திருக்குமா? புதியதொன்றை அளிக்க வேண்டும் என்று முயன்றே இதனைச் செய்ததாக ரூத்தும் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். ஒருவருடைய பல்லாண்டு உழைப்பை ஒரு நொடி நல்வாய்ப்பு என்று கூறுவது, அவ்வுழைப்பை அவரிடமிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

நல்ல குக்கியின் நுட்பம்

ரூத்தின் செய்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பணி உண்டு. வெண்ணெயும் சர்க்கரையும் முதலில் நன்கு குழைக்கப்படும். அப்போது சிறு காற்றுக் குமிழிகள் உள்ளே தங்கும். வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பைத் தரும். பழுப்புச் சர்க்கரை ஈரப்பதத்தையும் மணத்தையும் தரும். முட்டை அனைத்தையும் பிணைக்கும். சமையல் சோடா மாவை உப்பச் செய்து, பொன்னிறம் ஏறவும் உதவும். சிறிதளவு உப்பு இனிப்பை எடுத்துக்காட்டும். இவ்விரு சர்க்கரைகளையும் அவர் சம அளவில் சேர்த்தார்.

மாவைக் கலந்தவுடன் சுடுவது அவருடைய விடுதியின் வழக்கமன்று. இரவு முழுவதும் அதனைக் குளிர வைப்பார்கள். மறுநாள் ஒரு தேக்கரண்டி மாவை உள்ளங்கைகளில் உருட்டி, தட்டில் போதிய இடைவெளி விட்டு அடுக்கி, விரல்நுனியால் மெல்ல அழுத்துவார்கள். குளிர்ந்த மாவில் வெண்ணெய் இறுகி இருப்பதால், ஓவனில் குக்கி மிகுதியாகப் பரவாது; வட்டம் குலையாது. ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 முதல் 12 நிமிடங்கள் வரை அது வேகும். குக்கி உள்வரை பழுப்பேறி மொறுமொறுப்பாக இருத்தல் வேண்டும். வெளிறிக் கடினமாக இருத்தல் ஆகாது என்பது ரூத்தின் அளவுகோல். பொறுமையும் அளவும் சேர்ந்தால்தான் பக்குவம் கைவரும் என்பதை இம்முறை உணர்த்துகிறது.

வீடுதோறும் சென்ற செய்முறை

குக்கியின் புகழ் மாநிலம் எங்கும் பரவியது. அதற்குரிய சாக்லேட் கட்டியை மக்கள் மிகுதியாக வாங்கத் தொடங்கினர். 1939ஆம் ஆண்டு நெஸ்லே நிறுவனத்திற்குத் தம் செய்முறையையும் டோல் ஹவுஸ் என்னும் பெயரையும் பயன்படுத்தும் உரிமையை ரூத் அளித்தார். அதற்கென வழங்க ஒப்புக்கொண்ட தொகை ஒரே ஒரு டாலர் என்றும், அவருக்கு வாழ்நாள் முழுவதும் சாக்லேட் வழங்கப்பட்டது என்றும் கூறுவர். அந்நிறுவனம் செய்முறையைச் சாக்லேட் உறையின்மேல் அச்சிட்டது. கட்டியை உடைக்கும் வேலையும் பின்னர் இல்லாமல் போயிற்று. சிறு துண்டுகளாகவே சாக்லேட் கடைக்கு வந்தது.

இதனால் ஒரு விடுதியின் தனிச்சுவை எல்லார் வீட்டுக்கும் பொதுவாயிற்று. கல்லூரிக்குச் சென்று மனையியல் கற்க இயலாதவர்களும் உறையில் அச்சிட்ட அளவுகளைப் பின்பற்றிக் குக்கி சுடக் கற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, கடல் கடந்து சென்ற வீரர்களுக்கு அவர்களுடைய குடும்பத்தார் இக்குக்கிகளைச் சுட்டு அனுப்பினர். வீட்டை விட்டு நெடுந்தொலைவில் இருந்தோருக்கு அப்பொட்டலம் வீட்டின் மணத்தைக் கொண்டு சேர்த்தது. உடன் இருந்த வீரர்களும் சுவைத்தனர். குக்கியின் புகழ் மேலும் பரவியது.

நிலைத்த புகழ்

வேக்ஃபீல்டு இணையர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விடுதியை நடத்தி, 1960களில் அதனை விற்றனர். 1977ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ரூத் இயற்கை எய்தினார். 1984ஆம் ஆண்டின் கடைசி இரவில் விடுதிக் கட்டடமும் தீக்கிரையானது. ஆயினும் செய்முறை அழியவில்லை. 1997ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் அரசு இக்குக்கியைத் தன் மாநிலக் குக்கியாக அறிவித்தது.

கட்டடம் எரிந்தது, கற்பித்தது எரியவில்லை. முதன்முறை சுடும்போது குக்கி கருகலாம். இரண்டாம் முறை பரவிப் போகலாம். எதனால் அவ்வாறு ஆயிற்று என்று ஆராய்ந்து மீண்டும் முயல்பவருக்கே கைப்பக்குவம் வாய்க்கும் என்பதை ரூத்தின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

சொல்லும் பொருளும்

மனையியல் – இல்ல மேலாண்மை, உணவு முதலியன பற்றிய கல்வி
விழைந்தார் – விரும்பினார்
தற்செயல் – எதிர்பாராமல் நிகழ்வது
கைவரும் – பழக்கத்தால் வசப்படும்
இணையர் – கணவனும் மனைவியும்

பயிற்சி

1. ரூத் தம் நூலுக்கு இட்ட பெயர் அவருடைய வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. மாவை இரவு முழுவதும் குளிர வைப்பதன் பயன் யாது?
3. குக்கி தற்செயலாகத் தோன்றியது என்னும் கதையைப் பாடம் ஏன் ஏற்கவில்லை? இரண்டு காரணங்கள் தருக.
4. ‘கண்ணுங்கருத்துமாக’ என்னும் தொடரை உம் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
5. உம் வீட்டில் ஒருவர் கைப்பக்குவத்துடன் செய்யும் உணவின் செய்முறையை அவரிடம் கேட்டறிந்து, அளவுகளுடன் பத்து வரிகளில் எழுதுக.