கணக்குப் பார்த்த துணிவு

தோல்வியின் விளிம்பில் நின்ற மக்களை நிமிரச் செய்த உரைகள் வரலாற்றில் பல உண்டு. அவற்றுள் 1940 ஜூன் 18-ஆம் தேதி மாலை, லண்டன் பிபிசி வானொலியில் பிரெஞ்சு தளபதி சார்லஸ் டி கோல் ஆற்றிய உரை தனித்தன்மை வாய்ந்தது. அது உணர்ச்சியை மட்டும் நம்பவில்லை, கணக்கையும் நம்பியது.

1890-இல் லில் நகரில் பிறந்த டி கோல், முதல் உலகப் போரில் வெர்டன் களத்தில் காயமுற்றுச் சிறைப்பட்டார். ஐந்து முறை தப்ப முயன்றும் பயனில்லை. இனிவரும் போர்களை இயந்திரங்களே தீர்மானிக்கும் என்று உணர்ந்த அவர், டாங்கிகளைக் கொண்ட தொழில்முறை ராணுவம் தேவை என வலியுறுத்தி 1934-இல் நூல் எழுதினார். மாஜினோ அரண்வரிசையை நம்பியிருந்த தலைமை அதைப் பொருட்படுத்தவில்லை. 1940 மே மாதம் ஜெர்மானிய டாங்கிகள் ஆர்டென் காடுகளின் வழியே பாய்ந்தபோது அவரது எச்சரிக்கை மெய்யானது.

ஜூன் 16 இரவு பிரதமர் ரெய்னோ பதவி விலகினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற 84 வயது மார்ஷல் பெத்தான், போரை நிறுத்தியாக வேண்டும் என்று மறுநாள் வானொலியில் அறிவித்தார். பெத்தான் வெர்டன் வெற்றியின் நாயகர். டி கோல் இளம் அதிகாரியாகச் சேர்ந்த படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் பெருமகனை மறுத்து, அதே நாள் டி கோல் போர்தோவிலிருந்து லண்டனுக்குப் பறந்தார். ரெய்னோ அனுப்பிவைத்த ஒரு லட்சம் பிராங்க் தவிர அவரிடம் நிதி இல்லை, படை இல்லை, மக்கள் அளித்த அதிகாரமும் இல்லை. பிரிட்டிஷ் அமைச்சரவை தயங்கியது. சர்ச்சிலின் ஆதரவால்தான் அவர் வானொலியில் பேச முடிந்தது.

அந்தச் சுருக்கமான உரையில் அவர் தோல்வியை மறைக்கவில்லை. எதிரியின் டாங்கிகளும் விமானங்களும் போர்முறையும்தான் நம்மை வீழ்த்தின என்று ஒப்புக்கொண்டார். பிறகு எஞ்சியவற்றை எண்ணிக் காட்டினார்: பரந்த பேரரசு, கடலை ஆளும் பிரிட்டன், அமெரிக்காவின் எல்லையற்ற தொழில்வளம். இயந்திர பலத்தால் வந்த தோல்வியை, அதனினும் பெரிய இயந்திர பலத்தால் வெல்லலாம் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் மண்ணில் இருந்த பிரெஞ்சு வீரர்களை மட்டுமல்ல, பொறியாளர்களையும் ஆயுதத் தொழிலாளர்களையும் அவர் அழைத்தது இதனால்தான். பெத்தான் ஒரு நாட்டின் வரவு-செலவைப் பார்த்தார். டி கோல் உலகின் இருப்பைப் பார்த்தார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவே இல்லை.

அன்று அந்த உரையைக் கேட்டவர்கள் சிலரே. அதன் ஒலிப்பதிவும் எஞ்சவில்லை. ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால், அதே மாதம் ஆளுநர் பெலிக்ஸ் எபூவேயின் தலைமையில் சாட் அவர் பக்கம் வந்தது. செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன், புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவை அவருடன் இணைத்தார். 1944 ஆகஸ்ட் 25 அன்று டி கோல் விடுதலை பெற்ற பாரிஸில் நடந்தார். மறு ஆண்டு மரண தண்டனை பெற்ற பெத்தானுக்கு, அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவரும் அவரே.

அவரது கணக்கில் ஒரு பிழை இருந்தது. பேரரசு என்று அவர் எழுதிய வரவினத்தில் இருந்தவர்கள் மனிதர்கள்; அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. பிரான்ஸின் விடுதலைக்காகப் போரிட்டவர்கள் தம் விடுதலையையும் கோரினர். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் அதற்கு மறுமொழியாகக் குருதியே சிந்தப்பட்டது. 1958-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த டி கோல், 1962-இல் அல்ஜீரியாவின் விடுதலையை ஏற்றபோதுதான் அந்தப் பிழை ஓரளவு திருத்தப்பட்டது.

1970-இல் அவர் மறைந்தார். வீழ்ந்ததை மறைக்கும் தலைவர் மக்களை ஏமாற்றுகிறார். வீழ்ந்ததை மட்டும் சொல்பவர் அவர்களைக் கைவிடுகிறார். இழந்தது எது, எஞ்சியது எது என்று இரண்டையும் எடுத்துரைப்பவரின் சொல்லே நம்பிக்கையாக நிலைக்கும். அந்தப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்று கேட்பது மக்களின் கடமை.