ஹவானா போனால் அந்தச் சிறு வீட்டைப் பாருங்கள்!

கியூபா நாட்டின் தலைநகரம் ஹவானா. 1519-ம் ஆண்டில் உருவான பழைய நகரம். விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள், என்னென்ன பார்ப்பது என்று முதலில் பட்டியல் போடுவார்கள். மோரோ கோட்டை, கடலோரச் சாலை, அந்தக் காலத்து கார்கள் என்று பட்டியல் நீளும்.

அதில் ஒரு சிறு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹவானா விமான நிலையத்துக்கு, அந்த வீட்டில் பிறந்த ஒருவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர்தான் ஹோசே மார்த்தி. கவிஞர், கியூபாவின் விடுதலைக்காக உயிரைக் கொடுத்தவர்.

ஏழைக் குடும்பம்

மத்திய ரெயில் நிலையத்துக்கு அருகே இருக்கிறது அந்த வீடு. சின்னஞ்சிறு மாடி வீடு. 1853-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி மார்த்தி அங்கே பிறந்தார். 1925-ம் ஆண்டு முதல் அது அருங்காட்சியகமாக இருக்கிறது.

தகப்பனார் ஸ்பெயின் நாட்டுக்காரர். பட்டாளத்தில் வேலை பார்த்தவர். தாயார் லியோனார். மார்த்திதான் மூத்த பிள்ளை. அவருக்குப் பின் 7 தங்கைகள். வருமானமோ குறைவு!

அப்போது கியூபா, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் பாடுபட்டார்கள். அவர்கள் பட்ட துன்பத்தைச் சிறுவன் மார்த்தி நேரில் பார்த்தான். அது அவன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஒரு கடிதம்

1868-ம் ஆண்டில் விடுதலைப் போர் மூண்டது. மார்த்தியுடன் படித்த மாணவன் ஒருவன் ஸ்பெயின் படையில் சேர்ந்தான். அவனைக் கண்டித்து மார்த்தியும் அவருடைய நண்பரும் ஒரு கடிதம் எழுதினார்கள். அது போலீசாரின் கையில் சிக்கியது.

வழக்கு நடந்தது. நண்பரைக் காப்பாற்ற, எழுதியது நான் ஒருவன்தான் என்று மார்த்தி பழியை ஏற்றுக்கொண்டார். அவருக்கு 6 ஆண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 17!

காலில் விலங்கு

இடுப்பிலிருந்து கால் வரை இரும்புச் சங்கிலி. கொளுத்தும் வெயிலில் சுண்ணாம்புக் கல் வெட்டும் வேலை. சங்கிலி உராய்ந்து கால் புண்ணாகிவிட்டது.

தகப்பனார் பார்க்க வந்தார். மகன் ஆட்சியை எதிர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்தப் புண்ணைக் கண்டதும் அவர் மனம் உடைந்தது. மகனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அந்தக் கல் குவாரி இருந்த இடத்திலும் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பட்டியலில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் அரும்பாடுபட்டுத் தண்டனையைக் குறைக்கச் செய்தார்கள். 1871-ம் ஆண்டில் மார்த்தி ஸ்பெயினுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே சட்டம் படித்தார். பிறகு மெக்சிகோ, குவாதமாலா நாடுகளில் வாழ்ந்தார். திருமணம் ஆயிற்று. 1878-ம் ஆண்டில் ஊர் திரும்பினார். மகன் பிறந்தான். ஆனால் மறு ஆண்டே மீண்டும் நாடு கடத்தினார்கள்!

இரும்பு மோதிரம்

1880-ம் ஆண்டு முதல் நியூயார்க்கில் சுமார் 15 ஆண்டுகள் இருந்தார். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். பிரிந்திருந்த மகனை நினைத்துக் கவிதை பாடினார். குழந்தைகளுக்காகவே ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

1887-ம் ஆண்டில் தாயார் அவரைப் பார்க்க வந்தார். அவர் கொண்டுவந்தது ஓர் இரும்பு மோதிரம். மகனின் கால் விலங்கிலிருந்து செய்தது! அதில் கியூபா என்று பொறித்திருந்தது. மார்த்தி அதைக் கையில் அணிந்துகொண்டார்.

1892-ம் ஆண்டில் விடுதலைக்காக ஒரு கட்சி தொடங்கினார். அமெரிக்காவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கியூபா தொழிலாளர்கள், தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள்.

போர்க்களத்தில்

1895-ம் ஆண்டு மீண்டும் போர் மூண்டது. ஏப்ரல் 11-ந் தேதி இரவு, ஒரு சிறு படகில் 6 பேர் கியூபாவின் கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மார்த்தி.

மே 19-ந் தேதி தோஸ் ரியோஸ் என்ற இடத்தில் சண்டை நடந்தது. பின்னால் இருக்கும்படி தளபதி கோமஸ் சொல்லியிருந்தார். மார்த்தி கேட்கவில்லை. குதிரையில் முன்னே பாய்ந்தார். குண்டுகள் பாய்ந்து உயிர் துறந்தார். வயது 42.

கியூபா 1902-ம் ஆண்டில் தனி நாடாயிற்று. அதைப் பார்க்க மார்த்தி இல்லை. தாயார் இருந்தார்! 1905-ம் ஆண்டில் ஹவானா மத்தியப் பூங்காவில் மகனுக்குச் சிலை வைத்ததும் அவர் காலத்தில்தான். 1907-ம் ஆண்டில் அவர் காலமானார். மார்த்தி பிறந்த அந்தத் தெருவுக்கு இப்போது லியோனார் பெயர்தான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹவானாவில் மழை குறைவு. ஊர் சுற்ற ஏற்ற காலம். சிறு வீடு, கல் குவாரி, பூங்காச் சிலை ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போய், அந்தத் தாயின் கதையைச் சொல்லுங்கள்.