அடிமைத்தளை அறுத்த சயாம் மன்னர்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாளன்று பாங்காக்கு மாநகரில், குதிரைமீது வீற்றிருக்கும் வெண்கல உருவம் ஒன்றின் அடியில் மலர்வளையங்கள் மலையெனக் குவிகின்றன. 1910-ஆம் ஆண்டில் அந்நாளில் மறைந்த சுலாலங்கோர்ன் மன்னரின் உருவம் அது. இருப்புப்பாதை, தபால், பள்ளிக்கூடம் எனப் பலவற்றையும் தந்தவர் என்று தாய்லாந்து மக்கள் அவரைப் போற்றுவர். நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது அவர் தந்தது பற்றியன்று, நீக்கியது பற்றி.

1853-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-இல் பிறந்த அவர் மோங்குட் மன்னரின் மைந்தர். அம்மோங்குட், அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் சீவர ஆடை தரித்துப் பிக்குவாக வாழ்ந்தவர். 1868-இல் சூரிய கிரகணம் காணச் சென்றவிடத்துத் தந்தையும் மகனும் மலேரியா கண்டனர். தந்தை உயிர் நீத்தார். உடல் தேறாத பதினைந்து வயதுச் சிறுவர் அரசரானார்; ஆட்சியோ முதியதோர் அமைச்சரின் கையில் இருந்தது. அவ்விடைக்காலத்தில் இளவரசர் சிங்கப்பூரும் ஜாவாவும் கண்டு, 1872-இல் நம் பாரத நாட்டிற்கும் வந்து கல்கத்தா, தில்லி, பம்பாய், காசி முதலிய ஊர்களைப் பார்த்துச் சென்றார்.

1873-இல் வயது நிரம்பியதும் சிறிது காலம் துறவாடை பூண்டு, பின் நவம்பர் 16-இல் இரண்டாம் முறை முடிசூடினார். தம் முன் எவரும் தரையில் வீழ்ந்து தவழ வேண்டுவதில்லை என அன்றே ஆணையிட்டார். அதுகாறும் தவழ்ந்து கிடந்த பிரபுக்கள் எழுந்து நின்றனர். ஆயினும் அப்பிரபுக்களின் வீடுகளில் அடிமைகள் இருந்தனர்.

சயாமின் அடிமைகளுள் பெரும்பாலோர் கடனால் அடிமைப்பட்டவர். போரில் சிறைப்பட்டோரும் அவர்தம் வழியினரும் உண்டு. ஆயினும் பட்டினியாலோ சூதாட்டத்தாலோ கடன்பட்டுத் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்டவரே மிகுதி. அடிமையின் உழைப்பு வட்டிக்கு ஈடு. முதலோ அப்படியே நிற்கும். பிறக்கும் குழந்தைக்கும் வயதுவாரியாக விலை வகுத்திருந்தது சட்டம். ஒன்றை நாம் மறைத்தல் தகாது: பௌத்த விகாரங்களுக்கும் அடிமைகள் தானமாக அளிக்கப்பட்டிருந்தனர். மனிதரை விற்றலைத் தகாத வாணிகங்களுள் ஒன்றாக வைத்தவர் பகவான் புத்தர். ஆண் பெண் அடிமைகளை ஏற்றலைத் தாமே விலக்கியவர். அவர் பெயரால் எழுந்த ஆலயங்களிலேயே இது நிகழ்ந்தது என்பதைப் பௌத்தராகிய நாம் நாணத்தோடு ஏற்றல் வேண்டும்.

1874-இல் மன்னர் முதற்சட்டம் இயற்றினார். தாம் பட்டமேற்ற 1868-ஆம் ஆண்டு முதல் பிறந்த அடிமைக் குழந்தைகளின் விலை எட்டு வயதில் உச்சம் அடையும். ஆணுக்கு 32 பாட்டு, பெண்ணுக்கு 28 பாட்டு. அதன்பின் ஆண்டுக்காண்டு தேய்ந்து, இருபத்தோராம் வயதில் ஒன்றுமில்லையாகும். அவ்வாறு விடுதலை பெற்றோர் மீண்டும் தம்மை விற்றுக்கொள்ளவும் தடை உண்டு. அரசர் உள்ளத்தைக் காட்டுவது இத்தடையே என்போம் நாம். வறியவன் திரும்பவும் அவ்வாயிலிலேயே போய் நிற்பான் என அவர் அறிந்திருந்தார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே துணை அரசரோடு பிணக்கு மூண்டு, அரண்மனை போர்க்கோலம் பூண்டது. பழைமை விரும்பிகளின் வலிமையை உணர்ந்த மன்னர் தம் சீர்திருத்த வேகத்தைக் குறைத்துக்கொண்டார். 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் இறுதிச் சட்டம் வந்தது. அடிமைக்குப் பிறந்தோர் யாவரும் உரிமை மக்கள்; எஞ்சிய கடனடிமைகளின் கடனில் மாதந்தோறும் நான்கு பாட்டு கழியும்; புதிதாக எவரையும் அடிமை கொள்ளலாகாது. போரின்றி முடிந்தது என வரலாற்றாசிரியர் பாராட்டுவர், நாமும் பாராட்டுகிறோம். ஆனால் 1868-க்கு ஓராண்டு முன்னே பிறந்துவிட்ட குழந்தைக்கு முதற்சட்டத்தால் பயன் இல்லை. அக்குழந்தை 1905-இல் முப்பத்தெட்டு வயதினர். காத்திருந்து மாண்டோரும் உளர். அவர்களுக்கு மலர்வளையம் இல்லை.

அரண்மனையில் ஆங்கிலம் கற்பித்த லியோனோவென்ஸ் அம்மையாரே இளவரசர் உள்ளத்தில் இவ்வெண்ணத்தை விதைத்தார் என்பாரும் உளர். ஐந்தாண்டுப் பாடம் ஒன்றுக்கே முப்பத்தேழாண்டு ஆட்சியின் உழைப்பை உரிமையாக்குதல் எமக்கு ஒப்பவில்லை.

நம் நாட்டின் செய்தி வேறு. தஞ்சையிலும் மலையாளத்திலும் நிலத்தோடு சேர்த்து உழவரை விற்ற காலம் உண்டு. 1843 ஏப்ரல் 7-இல் கும்பினி அரசு இயற்றிய ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. கடனைப்பற்றி அது வாளாவிருந்தது. ஆகவே அடிமை ஓலை போய்க் கடன் சீட்டு வந்தது. அக்கடன்களை அழிக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. சயாம் மன்னர் மாதம் நான்கு பாட்டாகக் கடனையே தேய்த்த அருமை இங்கு வைத்து நோக்கின் விளங்கும்.

பாங்காக்கின் அனந்த சமாகம் மண்டபத்து விதானத்தில் அம்மன்னர் அடிமைகளை விடுவிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அரசரை யாவரும் அடையாளம் காண்பர். தளை நீங்கியோருள் ஒருவர் பெயரும் அங்கு இல்லை. நம் ஏப்ரல் 7-க்கோ சிலையும் இல்லை, ஓவியமும் இல்லை. அந்நாளில் யாம் அறிய எவ்வூரிலும் ஒரு விளக்கும் ஏற்றப்படுவதில்லை.