கேடயத்துக்குள் நாலு பேர்: மாண்ட்ரியலின் முதல் மேயர் ழாக் விஜே

வெள்ளிக் காசு சேர்ப்பதை முதலீடு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் எனக்குப் பிடித்தது காசின் மேல் இருக்கும் மிருகங்கள்தான். பிரிட்டனின் அரச நாணயச் சாலை 2016 முதல் 2021 வரை 'ராணியின் விலங்குகள்' என்று ஒரு வரிசை வெளியிட்டது. சிங்கம், கிரிஃபின், டிராகன், ஒற்றைக் கொம்புக் குதிரை என்று பத்து விலங்குகள், ஒவ்வொன்றோடும் ஓர் அரச குலத்தின் கேடயம். இரண்டு அவுன்ஸ் சுத்த வெள்ளி. சந்தையில் வெள்ளி ஏறினால் சிங்கமும் ஏறும், இறங்கினால் டிராகனும் இறங்கும்.

என் பெட்டியில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பப் பழைய மாண்ட்ரியலில் ஒரு காசுக்கடைக்குப் போன சனிக்கிழமை, கடைக்காரர் வேறொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். தேய்ந்துபோன செப்புக் காசு, வருடம் 1837. ஒரு பக்கம் கம்பளித் தொப்பியும் கையில் சாட்டையுமாக, பனிக்கால உடையில் ஒரு குடியானவர். மறுபக்கம் ஒரு கேடயம். பெருக்கல் குறி போல ஒரு சிலுவை அதை நான்காகப் பிரிக்கிறது. ரோஜா, முட்பூ, மூவிலை, கடைசியாக ஒரு பீவர். எடைக்குப் போட்டால் ஒரு காப்பிக்குக்கூடத் தேறாது. ஆனால் அந்தக் கேடயத்தின் பேரப்பிள்ளை ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன். நகராட்சிக் கொடியில் இருப்பது அதுதான். இதை வரைந்தவர் யார் என்று தேடப் போய்த்தான் ழாக் விஜேயிடம் வந்து சேர்ந்தேன்.

விஜே 1787ல் மாண்ட்ரியலில் பிறந்தார். படித்தது சுல்பீசியன் பாதிரிமார்களின் கல்லூரியில். 1808ல் க்யூபெக் நகரத்துக்குப் போய் 'ல கனடியன்' பத்திரிகையில் ஆசிரியர் வேலை பார்த்தார். அது நீடிக்கவில்லை. அதே வருடம், பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஒருவரின் விதவையைத் திருமணம் செய்துகொண்டார். 1812ல் அமெரிக்காவோடு போர் மூண்டபோது வோல்டிஜர் படைப்பிரிவில் காப்டன். 1813ல் நகரத்துச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மேற்பார்வையாளர். அவரது நெடுநாள் பிழைப்பு இதுதான். சாக்கடை எங்கே அடைக்கிறது, எந்தத் தெரு எத்தனை அடி அகலம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1825ல் மாண்ட்ரியல் தீவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் நடத்தினார். அரசாங்கம் கேட்டதைவிட அதிகமாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்ட மனிதர்.

எழுதி வைப்பது அவருக்கு ஒரு வியாதி என்றே சொல்லலாம். கடிதங்கள், அரசாணைகள், பழைய கையெழுத்துப் பிரதிகள், ஊர்க்கதைகள் என்று எது கிடைத்தாலும் பிரதியெடுத்துத் தொகுதி தொகுதியாகச் சேர்த்தார். தொகுப்புக்கு 'மா சாபர்தாஷ்' என்று பெயர். குதிரைப்படை அதிகாரிகளின் வாள் கச்சையில் தொங்கும் தோல் பைக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1810ல், இருபத்து மூன்று வயதில் அவர் தொகுத்த ஒரு சொற்பட்டியல். பிரான்சில் இல்லாமல் கனடியப் பிரெஞ்சுக்காரர் வாயில் மட்டும் புழங்கிய சொற்கள், ஆங்கிலத்திலிருந்து நுழைந்தவை, பூர்வகுடிகளிடமிருந்து வந்தவை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான், 1909ல், அது அச்சேறத் தொடங்கியது. மூலைக்கடைக்குப் போவதை 'டெப்பனேர் போயிட்டு வரேன்' என்று சொல்லும் மாண்ட்ரியல் தமிழுக்கு இப்படி ஒரு பட்டியல் யாரும் போடவில்லையே என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

1832 மாண்ட்ரியலுக்குக் கெட்ட வருடம். மே 21ம் தேதி, ஓர் இடைத்தேர்தல் கலவரத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் மூன்று பிரெஞ்சுக் கனடியர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே கப்பலில் காலரா வந்து இறங்கியது. அந்தக் கோடையில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் செத்தார்கள். நோயைக் கொண்டுவந்தது ஆங்கிலேயக் கப்பல்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கசந்தார்கள். ஐரிஷ் அகதிகளை யாருக்குமே பிடிக்கவில்லை. இந்த ஊருக்குத்தான் 1833ல் முதல் முறையாக நகராட்சி வந்தது. ஜூன் 5ம் தேதி கூடிய கவுன்சிலர்கள் சாலை மேற்பார்வையாளரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். புது நகராட்சிக்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. அதை வடிவமைத்தவரும் மேயர்தான்.

ரோஜா ஆங்கிலேயருக்கு, முட்பூ ஸ்காட்லாந்தியருக்கு, மூவிலை ஐரிஷ்காரருக்கு, பீவர் பிரெஞ்சுக் கனடியருக்கு. கீழே, ஒற்றுமையில்தான் பிழைப்பு என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள். நம் சோழர் முத்திரையிலும் புலிக்குப் பக்கத்தில் மீனும் வில்லும் உண்டு. ஆனால் அவை அங்கே இருப்பது, பாண்டியனும் சேரனும் அடங்கிவிட்டார்கள் என்று காட்ட. விஜேயின் கேடயத்தில் நாலு பேருக்கும் சம இடம், யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. தெருவில் ரத்தம் சிந்திய மறு வருடம் வரைந்த படம் என்பதை நினைத்தால், இது வர்ணனை அல்ல, வேண்டுதல் என்று தோன்றுகிறது.

வேண்டுதல் பலிக்கவில்லை. 1836ல் நகராட்சிச் சட்டம் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. விஜேயின் பதவியும் போயிற்று. அப்போது நாட்டில் சில்லறைப் பஞ்சம், கண்டவர்களும் செப்பு வில்லை அடித்துப் புழக்கத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு வங்கிகள் சேர்ந்து பர்மிங்ஹாமில் ஒழுங்கான காசு அடிக்கச் சொல்லின. கடைக்காரர் எடுத்து வைத்தது அதில் ஒன்று. நான்கில் ஒரு வங்கியான 'மக்கள் வங்கி'யைத் தொடங்கிய லூயி மிஷெல் விஜே, ழாக் விஜேக்குப் பங்காளி முறை. காசில் 1837 என்று பொறித்த அதே வருடம் பிரெஞ்சுக் கனடியர்களின் கிளர்ச்சி வெடித்தது. லூயி மிஷெல் சிறைக்குப் போனார். கிளர்ச்சியின் தலைவரும் உறவினருமான பாபினோ எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடினார். குடியானவர் படம் போட்ட காசுக்கு மக்கள் 'பாபினோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கலகக்காரன், மறுபக்கம் ஒற்றுமைக் கேடயம்!

ழாக் விஜே ஆயுதம் எடுக்கவில்லை. கோழைத்தனம் என்று சொல்வோர் இருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பிரதியெடுக்கத்தானே வேண்டும்? 1858ல் மாண்ட்ரியல் வரலாற்றுக் கழகத்தை நண்பர்களோடு தொடங்கி அதன் முதல் தலைவரானார். அதே வருடம் டிசம்பர் 12ம் தேதி காலமானார்.

அவர் கேடயம் அப்படியே இருக்கவில்லை. 1938ல் சிலுவையை நேராக்கினார்கள். பீவரை மேலே முடிக்கு ஏற்றிவிட்டு, அதன் இடத்தில் பிரெஞ்சு லில்லியை வைத்தார்கள். மக்கள்தொகையை எண்ணிய அந்த மனிதரின் கேடயத்தில், இந்தத் தீவில் முதலில் இருந்தவர்கள் இல்லை. பூர்வகுடிகளுக்காக நடுவில் ஒரு வெள்ளைப் பைன் மரம் வரைய 2017 வரை ஆயிற்று. பின்னால் வந்த எங்களுக்கு அதில் படம் ஒன்றும் கிடையாது. கேட்கவும் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காசை வாங்கிவிட்டேன். வெள்ளி விலங்குக்கு வெட்டிய குழி இதற்குக் கொஞ்சம் பெரியது. பெட்டியை எடுக்கும்போதெல்லாம் செப்புக் காசு உள்ளே உருண்டு சத்தம் போடுகிறது.