பம்பு இல்லாத பிரிட்ஜ்



குளிர்பதனப் பாடத்தின் வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எலக்ட்ரோலக்ஸ் பிரிட்ஜில் பம்பு எங்கே இருக்கிறது என்றார். நானும் படத்தில் ஏதோ ஒரு மூலையைத் தைரியமாகத் தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைத்துவிட்டார். அதில் மோட்டார் போட்ட பம்பே கிடையாதாம்! அன்று சாயங்காலமே லைப்ரரியில் உட்கார்ந்து தேடியதில் எனக்கு அறிமுகமானவர்தான் பால்ட்சார் வான் பிளாட்டன்.

1898-ல் ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள இஸ்தாட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். லுண்ட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஸ்டாக்ஹோம் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்கு வந்தார். அங்கே கார்ல் முன்டெர்ஸ் என்ற சக மாணவர் நண்பரானார். 1922-ல் இரண்டு பேரும் சேர்ந்து மின்சாரமே தேவையில்லாத பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கினார்கள். அப்போது இருவருமே மாணவர்கள். இதை நாம் மறக்கவே கூடாது!

அன்றைய வீட்டு பிரிட்ஜ்களில் மோட்டார், கம்ப்ரஸர், பெல்ட் என்று தொல்லைகள் ஏராளம். சில பிரிட்ஜ்களில் நச்சு வாயுவான சல்பர் டை ஆக்ஸைடு வேறு. கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. வெப்பத்தாலேயே குளிர்விக்கும் அம்மோனியா இயந்திரத்தை பிரான்ஸின் ஃபெர்டினாண்ட் கார்ரே 1859-லேயே செய்துவிட்டார். ஆனால் அதில் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் திரவத்தைத் தள்ள பம்பு வேண்டியிருந்தது.

பம்பை எப்படி மேம்படுத்தலாம் என்றுதான் நாமாக இருந்தால் யோசித்திருப்போம். பிளாட்டனும் முன்டெர்ஸும் பம்பே வேண்டாம் என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லா இடத்திலும் மொத்த அழுத்தம் ஒன்றாகவே இருக்கட்டும், எவாப்பரேட்டரில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிடலாம் என்று வைத்தார்கள். அழுத்தத்தில் பெரும் பங்கை ஹைட்ரஜன் எடுத்துக்கொள்ள, அம்மோனியாவின் பங்கு குறைகிறது. அது ஆவியாகிக் குளிர்ச்சி தருகிறது. முதலாண்டு கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்து மறந்துபோனோமே, அதே டால்டன் விதிதான்! கீழே ஒரு சின்னச் சுடர் எரியும். ஜெனரேட்டரில் எழும் குமிழிகளே திரவத்தை மேலே தூக்கிவிடும். மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

1925-ல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி இந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை வாங்கியது. அமெரிக்காவில் செர்வெல் கம்பெனி 1926 முதல் தயாரித்தது. ஐன்ஸ்டீனும் சிலார்டும்கூட அசையும் பாகமில்லாத பிரிட்ஜ் ஒன்றுக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் வீடுகளில் பரவியது இந்த மாணவர்களின் பிரிட்ஜ்தான். பின்னாளில் மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசி மருந்தைக் காத்ததும் இதே வகைதான்.

இன்றும் இது உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற கேம்பர் ட்ரெய்லர் என்ற குட்டி வண்டிவீட்டில் புரோப்பேன் சிலிண்டரில் ஓடுவது இந்த பிரிட்ஜே. அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று படித்தபோதுதான் பிளாட்டனின் மூளை எனக்கு முழுசாகப் புரிந்தது.

முதலில் ரசமட்டம்! வண்டியை நிறுத்தியதும் மட்டம் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆடினால் பரவாயில்லை, திரவம் மாறி மாறி வடிந்துவிடும். சாய்வாக நிறுத்தி வைத்து ஓட்டினால்தான் வினை. திரவம் திரும்பி வராமல் ஜெனரேட்டர் காய்ந்து சூடேறும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைத்துவிடும். அப்புறம் யூனிட்டே போச்சு!

அடுத்தது சுடர். நீலமாக எரிய வேண்டும். மஞ்சளானால் கரி பிடிக்கும். பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டினாலே காற்று குறைந்துவிடும். ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். புகைக்குழாயையும் அதற்குள் தொங்கும் முறுக்குத் தகட்டையும் துடைக்க வேண்டும். பின்பக்கம் கீழிருந்து மேலே காற்று போக வழி அடைபடக் கூடாது. இணைப்புகளில் கசிவு பார்க்க சோப்பு நுரை போதும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்தாக வேண்டும். அம்மோனியா நெடி வந்தாலோ மஞ்சள் பொடி தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் இருக்கிறது, அதுவும் உயர் அழுத்தத்தில். பிரித்து வெல்டிங் வைக்கும் வேலையெல்லாம் கூடாது.

பார்த்தீர்களா நண்பர்களே! பம்பை எடுத்துவிட்ட பிளாட்டன், அதன் வேலையை மட்டத்திடமும் சுடரிடமும் ஒப்படைத்துவிட்டார். அந்த இரண்டையும் கவனிக்க ஓர் ஆள் இல்லையென்றால் எந்த மேதையின் கண்டுபிடிப்பும் வெறும் பெட்டிதான்.

பிளாட்டன் அதோடு நிற்கவில்லை. செயற்கை வைரம் செய்ய மிக உயர்ந்த அழுத்தம் தரும் கருவியை வடிவமைத்தார். ஆசியா என்ற ஸ்வீடன் மின்கருவிக் கம்பெனியில் அதை வைத்து 1953-ல் வைரம் உருவானது. கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. 1955-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் அறிவித்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போனது. 1984-ல், தன் 86-ஆம் வயதில், பிளாட்டன் மறைந்தார்.

நாம் டிப்ளமோதானே, மெயின்டனன்ஸ் வேலைக்குத்தானே போகப் போகிறோம் என்று ஹாஸ்டலில் அடிக்கடி நொந்துகொள்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. ஒரு பாகம் ஏன் இருக்கிறது என்று கேட்கிறவன் மாணவனாக இருக்கும்போதே பிளாட்டன் ஆகலாம். ஜெட்டை ஒழுங்காகத் துடைக்கிறவன் அந்தப் பிளாட்டனை உயிரோடு வைத்திருக்கலாம். இரண்டுமே நம் கையில்தான் இருக்கிறது!