கையில் வெறும் 3 பிராங்க்... குளிரில் சிக்கிய கவிஞர் குடும்பம்: யார் இந்த மைக்கேல் மதுசூதன் தத்?

1864 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வெர்சாய் நகரில் திருவிழாச் சந்தை. அதைப் பார்க்கப் போகணும் என்று ரெண்டு குழந்தைகள் அம்மாவிடம் கேட்கிறார்கள். அம்மா ஹென்ரியட்டாவின் கையில் இருப்பது 3 பிராங்க்தான். கண் கலங்கியபடி கணவரிடம் வருகிறார். ஊரில் இருப்பவர்கள் நம்மை ஏன் இப்படிப் படுத்துகிறார்கள் என்று கேட்கிறார். இன்றைக்குத் தபால் வரும் நாள், நல்ல சேதி வரும் என்று கணவர் சமாதானம் சொல்கிறார்.

அந்தக் கணவர்தான் மைக்கேல் மதுசூதன் தத். வங்க இலக்கியத்தின் போக்கையே மாற்றிய கவிஞர். நம்ம ஊரோடும் இவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 8 வருஷம் சென்னையில் வாழ்ந்தவர். ஆனா அந்தக் கதை அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை.

சென்னையில் என்ன செய்தார்?

1824 ஜனவரி 25 அன்று, இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூர் பகுதியின் சாகர்தாரி கிராமத்தில், கபோதாட்ச ஆற்றங்கரையில் பிறந்தவர் மதுசூதன். அப்பா கல்கத்தாவில் வசதியான வழக்கறிஞர். இந்துக் கல்லூரியில் படிக்கும்போதே, இங்கிலாந்து போகணும், ஆங்கிலத்தில் பெரிய கவிஞர் ஆகணும் என்ற கனவு மகனுக்குப் பிடித்துக்கொண்டது. 1843-ல் கிறிஸ்தவரானார். அப்பாவுடனான உறவு முறிந்தது, பணமும் நின்றது. 1848 தொடக்கத்தில், கையில் ஒன்றும் இல்லாம சென்னைக்குக் கப்பலேறி வந்தார்.

இங்கே ஆதரவற்ற குழந்தைகளுக்கான காப்பகப் பள்ளியில் ஆசிரியர் வேலை. பத்திரிகைகளிலும் வேலை பார்த்தார். அந்தக் காப்பகத்திலேயே வளர்ந்த ரெபெக்காவை அதே வருஷம் திருமணம் செய்தார். நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். அவரது முதல் ஆங்கிலக் கவிதைப் புத்தகம் 1849-ல் சென்னையில்தான் அச்சானது. பெரிதாக எடுபடவில்லை. உங்கள் சொந்த மொழியில் எழுதுங்கள் என்று கல்கத்தாவிலிருந்து வந்த அறிவுரைதான் பிற்பாடு அவரைத் திருப்பியது.

1856-ல், அப்பா இறந்துவிட்டார், சொத்தை உறவினர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்து கல்கத்தாவுக்குக் கிளம்பினார். ரெபெக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையிலேயே இருந்தார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

1858-ல் ஹென்ரியட்டா கல்கத்தா போய் அவரோடு சேர்ந்தார். இவரைப் பிரெஞ்சுப் பெண் என்றே பல காலம் எழுதிவந்தார்கள். மதுசூதன் வேலை பார்த்த சென்னைப் பள்ளியின் சக ஆசிரியர் ஒருவரது மகள்தான் ஹென்ரியட்டா என்று ஆய்வாளர் குலாம் முர்ஷித் பின்னாளில் கண்டுபிடித்து எழுதினார். அதாவது, பிரான்ஸ் குளிரில் சிக்கப்போகும் இந்தப் பெண்ணும் சென்னை வெயிலில் இருந்து வந்தவர்தான்.

பிறகு ஏன் ஐரோப்பா?

கல்கத்தாவில் அவருக்கு நல்ல காலம். நாடகங்கள், கவிதைகள் என்று சில வருஷத்தில் எழுதிக் குவித்தார். 1861-ல் வந்த மேகநாத வத காவியம் ராமாயணத்தை இலங்கைப் பக்கம் நின்று பார்த்தது. நம்ம ஊரில் இந்திரஜித் என்று சொல்லும் மேகநாதன்தான் அதில் நாயகன். சர்மிஷ்டா என்ற மகளும் மில்டன் என்ற மகனும் பிறந்தார்கள். மகள் பெயர் மகாபாரதத்தில் இருந்து, மகன் பெயர் ஆங்கிலக் கவியிடம் இருந்து. அவர் மனசு எந்த ரெண்டு ஊரில் இருந்தது என்பதற்கு வேற சாட்சி வேண்டாம்.

ஆனா கவிதை சோறு போடவில்லை. பாரிஸ்டர் ஆனால் பணம் கொட்டும் என்று கணக்குப் போட்டார். 1862 ஜூனில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கிளம்பினார். குடும்பத்தைக் கூட்டிப்போகும் திட்டமே இல்லை. சொத்தைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் ஹென்ரியட்டாவுக்கு மாதம் 150 ரூபாய், மீதி தனக்கு லண்டனுக்கு என்று ஏற்பாடு செய்திருந்தார்.

காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனா பொறுப்பேற்றவர்கள் கொஞ்ச நாளில் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவில் தனியாகச் சமாளிக்க முடியாம, ஹென்ரியட்டா எப்படியோ பயணச் செலவைத் தேற்றி, மூன்றரை வயசு மகளையும் ரெண்டு வயசுகூட நிரம்பாத மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். 1863 மே 2-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அப்போது சூயஸ் கால்வாய் திறக்கவில்லை. எகிப்தில் இறங்கி, ரயிலில் நிலத்தைக் கடந்து, மறுபடி வேறு கப்பல் பிடிக்கணும். ரெண்டு கைக்குழந்தைகளோடு இதைச் செய்த ஹென்ரியட்டாவுக்கு வரலாற்றில் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது.

வெர்சாயில் நடந்தது என்ன?

ஒரு மாணவருக்கே போதாத பணத்தில் லண்டனில் நான்கு பேர் வாழ முடியாது. செலவு குறைவு என்பதால் சில வாரங்களிலேயே வெர்சாய் போனார்கள். சட்டப் படிப்பு பாதியில் நின்றது.

குளிரைப் பற்றி மதுசூதன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் தீ மூட்டி, மூட்டை சுமப்பவர் மாதிரி துணிகளைச் சுமந்தும் குளிர் விடவில்லை. வங்காளத்தின் மாக மாதக் குளிர், அதாவது நம்ம தை மாதக் குளிர், இதன் பக்கத்தில்கூட வராது என்பது அவர் கணக்கு. இந்தக் குளிரில் விறகு, கம்பளி எல்லாமே காசு. ஊரிலிருந்து வரவேண்டிய காசோ வரவில்லை. வீட்டுச் சாமான்கள், நகைகள், புத்தகங்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின.

ஊருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பதில் இல்லை. தந்தி அடித்திருக்கலாமே என்று தோன்றலாம். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் தந்தித் தொடர்பு ஒழுங்காக அமைந்ததே 1865-ல்தான். கடிதம் ஒரு வழி போகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் இல்லை என்று உறுதியாகவே பல மாதம் காத்திருக்கணும். அந்த மாதங்களில் குழந்தைகள் சாப்பிட வேண்டும் இல்லையா?

இன்னொரு பயமும் இருந்தது. கடன் கட்டாதவரைச் சிறையில் வைக்கும் சட்டம் பிரான்சில் அப்போது நடைமுறையில் இருந்தது. 1867-ல்தான் அதைக் கைவிட்டார்கள். 1864 ஜூன் 2 அன்று, ஈஸ்வர சந்திர வித்யாசாகருக்கு மதுசூதன் எழுதிய கடிதத்தில் இந்தப் பயம்தான் இருக்கிறது. தான் ஜெயிலுக்குப் போனால் மனைவி மக்கள் தர்ம விடுதியில்தான் ஒதுங்கணும் என்கிறார். இத்தனைக்கும் இந்தியாவில் அவருக்கு வரவேண்டியது 4,000 ரூபாய்.

வித்யாசாகர், விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடிய அதே சமஸ்கிருத அறிஞர். பெரிய பணக்காரர் இல்லை. தானே கடன் வாங்கி 1,500 ரூபாய் அனுப்பினார். அன்றைய மதிப்பில் சுமார் 150 பவுண்ட்.

திருவிழாச் சந்தைக்குப் போகக் காசில்லாத அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஹென்ரியட்டா அழுது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தபால் வந்தது. வித்யாசாகரின் கடிதமும் பணமும் அதில் இருந்தன. இதற்கு நன்றி சொல்லி மதுசூதன் எழுதிய கடிதம் வங்காளத்தில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. ஜூன் 2-ல் எழுதிய கடிதத்துக்கு ஆகஸ்ட் 28-ல் பணம். கிட்டத்தட்ட மூன்று மாதம்.

அங்கே வேறு எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன் மொழிகளைப் படித்தார். சர்மிஷ்டா பிரெஞ்சு பேசி வளர்ந்தாள். ஆங்கிலக் கவிஞராகக் கிளம்பியவர் அந்தக் குளிரில் உட்கார்ந்து எழுதியது, வங்க மொழியில் 14 அடிக் கவிதைகள். சின்ன வயசில் பார்த்த கபோதாட்ச ஆறும் அதில் ஒரு கவிதை. 1866-ல் அவை புத்தகமாக வந்தன. வங்க மொழியில் இந்த வடிவத்துக்கு அவரே முன்னோடி. ஊரை விட்டுப் போக அத்தனை ஆசைப்பட்டவருக்கு ஊர் கவிதையானது அங்கே போன பிறகுதான்.

பாரிஸ்டர் ஆனாரா?

ஆனார். லண்டன் திரும்பி, 1866 நவம்பரில் பட்டம் பெற்றார். 1867-ல் தனியாகக் கல்கத்தா திரும்பினார். குடும்பம் பிரான்சிலேயே இருந்தது. வழக்குகள் வந்தன, பணமும் வந்தது. ஆனா தங்கியது கல்கத்தாவின் விலை உயர்ந்த ஸ்பென்சஸ் ஹோட்டலில். ஒரு பக்கம் இங்கே ஆடம்பரம், இன்னொரு பக்கம் வெர்சாய்க்குப் பணம் அனுப்பணும். வித்யாசாகர் இவருக்காக வாங்கிய கடனுக்கு அவரே பதில் சொல்ல வேண்டிய நிலை. அதை அடைக்க மதுசூதன் சொத்தை விற்கவேண்டி வந்தது. ஏமாற்றியவர்கள் மேல் தப்பு இருந்தது உண்மை. அதே அளவுக்கு, கையில் பணம் நிற்காத மனுஷர் என்பதும் உண்மை.

1869-ல் ஹென்ரியட்டா குழந்தைகளோடு திரும்பினார். அதற்குள் ஆல்பர்ட் நெப்போலியன் என்ற மகனும் பிறந்திருந்தான். குடும்பம் சேர்ந்தது, கடனும் கூடவே வந்தது. இருவர் உடம்பும் கெட்டது. 1873 ஜூன் 26-ல் ஹென்ரியட்டா இறந்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 29-ல், கல்கத்தா ஆஸ்பத்திரியில் மதுசூதனும் இறந்தார். வயது 49. பதினான்கு வயசுகூட நிரம்பாத சர்மிஷ்டாவுக்கு அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கல்யாணம் நடந்திருந்தது. டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் இந்த வம்சத்தில் வந்தவர்தான்.

ரெபெக்கா, கணவர் இறந்த பிறகும் 19 வருஷம் உயிரோடு இருந்தார். அவரை மதுசூதன் முறைப்படி விவாகரத்து செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1892-ல் காலமானார்.